பள்ளி, அள்ளி, பல்லி: ஊர்ப் பெயருக்கு அர்த்தம் சொல்லும்போது எங்கே சறுக்குகிறோம்

தருமபுரிப் பக்கம் ஊர்ப் பெயருக்கு அர்த்தம் கேட்டால் தெரியாது என்று சொல்லும் ஆளைப் பார்ப்பது அரிது. டீக்கடையில் நாலு பேர் இருந்தால் நாலு கதை கிடைக்கும். அந்தக் கதைகளில் அதிகம் அடிவாங்குகிற சொல் பள்ளி.

முதலில் 'அள்ளி' கதை. மாரண்டஅள்ளி மாதிரி பெயர்களைப் பார்த்துவிட்டு, எந்த ராஜாவோ பொன்னை அள்ளிக் கொடுத்த ஊர் என்பார்கள், இன்னும் சிலர் அல்லிப்பூ குளம் இருந்தது என்பார்கள். இரண்டும் இல்லை. அது கன்னட 'ஹள்ளி', அதாவது சிற்றூர். பழைய கன்னடத்தில் அதுவும் 'பள்ளி'தான். சுமார் பத்தாம் நூற்றாண்டிலிருந்து கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் ப கொஞ்சம் கொஞ்சமாக ஹ ஆகிவிட்டது: நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு. அந்த ஹ நம் வாய்க்கு வரும்போது காணாமல் போய்விடும், ஹள்ளி அள்ளியாகிவிடும். ஒகேனக்கல்லிலும் இதே கதைதான். ஹொகெ என்றால் புகை, புகைகிற கல். ஹொச ஊரு, அதாவது புதூர், ஓசூர் ஆனதும் அப்படியே. நல்லம்பள்ளி, வேப்பனப்பள்ளி, குருபரப்பள்ளி என்று ப போகாமல் நிற்கிற பெயர்களும் இங்கேயே பக்கத்தில் இருக்கின்றன.

இதை வைத்து அள்ளி என்றால் கன்னடக்காரர் ஊர், பள்ளி என்றால் தமிழர் ஊர் என்று கோடு கிழிப்பது அடுத்த தவறு. தெலுங்கிலும் சிற்றூருக்குப் பல்லி, பல்லெ என்றுதான் பெயர். மூன்று மொழியும் ஒரே சந்தையில் புழங்குகிற ஊர்களில் பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் ல, ள குழப்பம். போனில் ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டிப் பழகியதில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிட்டன, அதனால் 'பல்லிகள் நிறைந்த ஊர்' என்றுகூட விளக்கம் வருகிறது. கன்னடத்திலும் இந்த வித்தியாசம் அப்படியே உண்டு: ஹள்ளி ஊர், ஹல்லி சுவரில் ஓடுவது. தெலுங்கில் சுவரில் ஓடுவது பல்லி இல்லை, அதற்கு 'ப'வை ஆங்கில b போல அழுத்தி ஒலிக்க வேண்டும், பலி கொடுப்பது என்பதில் வரும் ப மாதிரி. தெலங்கானாவில் பல்லி என்றால் நிலக்கடலை. ஹைதராபாத் டிபன் கடையில் இட்லிக்குப் பல்லி சட்னி என்று கொண்டுவந்து வைத்தால் அலற வேண்டாம், வேர்க்கடலைச் சட்னிதான், நன்றாகவே இருக்கும்.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். படித்தவர்கள் செய்வது இது: 'பள்ளி என்று முடிந்தால் அங்கே சமணப் பள்ளி இருந்தது, அதிலிருந்துதான் பள்ளிக்கூடம் வந்தது, ஆகவே இது அந்தக் காலத்துக் கல்வி நகரம்.' இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பிடிவாதமாக நிற்கிறது. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் குகைக் கல்வெட்டில், நெடுஞ்செழியன் பெயரோடு, துறவிக்குக் கொடுத்த கற்படுக்கை இடத்தைப் 'பளிஇய்' என்று பழைய தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறார்கள். சோழர் காலத்தில் சமண, பௌத்த நிலையங்களுக்கு விட்ட நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்றே பெயர். ஆனால் பள்ளிக்கு அது மட்டுமா அர்த்தம்? பெருமாள் பள்ளிகொள்கிறார், கோயிலில் பள்ளியறை இருக்கிறது, அதெல்லாம் படுக்கை. இறந்த அரச குடும்பத்தாருக்கு எழுப்பிய கோயில் பள்ளிப்படை, பட்டீசுவரத்துக்குப் பக்கத்தில் பஞ்சவன் மாதேவிக்கு ராஜேந்திர சோழன் கட்டியது மாதிரி. முல்லை நிலத்தில் இடையர் குடியிருப்பும் பள்ளிதான். ஆடுமாடு நிறைந்த நம் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு இந்தக் கடைசி அர்த்தம்தான் பெரும்பாலும் பொருந்தும் என்பது என் எண்ணம். சமணர் இங்கே இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை, 9ஆம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட நுளம்ப மன்னர் காலத்துத் தகடூர்க் கல்வெட்டே இருக்கிறது, தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். ஆனால் அந்தக் கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது, சமணக் கோயிலை அது சொல்வது 'பசதி' என்று!

கேரளாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போனேன் என்று கோட்டயத்துக்காரர் சொன்னால், லீவு நாளில் என்ன பாடம் என்று கேட்கக் கூடாது. மலையாளத்தில் சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி. சிங்களத்தில் 'பல்லிய' என்றாலும் இந்த இரண்டும்தான். நமக்கு இது புதுசும் இல்லை, பள்ளிவாசல் என்று நாமே சொல்கிறோமே.

வங்காளத்தில் 'பொல்லி' என்றால் கிராமம். ஜசீமுத்தீனைப் பொல்லிகவி என்பார்கள், நாட்டுப்புறக் கவிஞர் என்ற அர்த்தத்தில். வங்காளத்துக்கு அது சமஸ்கிருதம் வழியாகப் போனது. அதைப் பார்த்தவுடன் சிலர் 'அப்படியானால் நம் பள்ளியே வடசொல்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பர்ரோ, எமெனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இதைத் தலைகீழாகச் சொல்கிறது: திராவிடத்திலிருந்து சமஸ்கிருதம் வாங்கியது. இதைக் கேட்டதும் எதிர்க்கட்சி எழுந்துவிடும், உலகத்தில் பல்லி என்று ஒலிப்பதெல்லாம் தமிழ் என்று. எஸ்தோனிய மொழியில் 'பல்லி' என்றால் பந்தினுடைய என்று அர்த்தம், அது ஜெர்மானியப் பக்கத்திலிருந்து போன சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல், அவ்வளவுதான்.

உங்கள் ஊர்ப் பெயரைத் தோண்ட நினைத்தால் பஸ் போர்டையும் கூகுள் மேப்பையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பழைய மூலப் பத்திரத்தில் ஊரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், கல்வெட்டு இருந்தால் இன்னும் நல்லது. அதே ஊரைக் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள், சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் ராஜா பொன் அள்ளிய கதைதான் மறுபடி வரும்.