புதுப்பித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பிரேக் பிடிக்கவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு ஓட்டினாலும் சில சமயம் பிரேக் பிடிக்காது. "எல்லாம் புதுசு, அதில் என்ன கோளாறு இருக்கப்போகிறது" என்று நினைப்பதுதான் முதல் தவறு. இப்படிப்பட்ட வண்டியில் தேய்மானம் இருக்காது. இடம் மாற்றிப் பூட்டியதும், அளவு பொருந்தாத பாகத்தை வாங்கியதும்தான் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கும்.

எதையும் கழற்றும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சு போல அமுங்கினால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கலாம். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, அடுத்த மிதியில் மேலே வந்து நின்றால் டிரம் ஷூக்களை (டிரம்முக்குள் விரிந்து உரசும் கட்டைகளை) அட்ஜஸ்ட் செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லத் தரையைத் தொட்டால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) சீல் போய்விட்டது. அந்த வண்டியை வெளியே எடுக்கவே கூடாது. பெடல் கெட்டியாக நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் கதையே வேறு. அதற்குப் போய்த் திரும்பத் திரும்ப ஏர் எடுப்பது, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது, வீண் வேலை.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பஞ்சுத்தன்மை போகவில்லையா? டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பாருங்கள். இடது பக்கத்துக்கு உரியதை வலது பக்கம் மாட்டினால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்குவதால் எவ்வளவு ஆயில் ஊற்றி இறக்கினாலும் அது வெளியே வராது. இங்கும் தவறில்லை என்றால், ரப்பர் ஹோஸ்களை அதற்கென்று உள்ள கிளாம்பால் ஒவ்வொன்றாக இறுக்கி மிதித்துப் பாருங்கள். எதை இறுக்கும்போது பெடல் கெட்டியாகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். உலோக வலை சுற்றிய ஹோஸில் கிளாம்ப் போடாதீர்கள், உள்ளே நசுங்கிவிடும்.

கெட்டிப் பெடலுக்கு முக்கியச் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவு. முக்கால் அங்குலத் துளை, 5/8 அங்குலத் துளையைவிடப் பார்வைக்குச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஆனால் துளையின் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். அதனால் அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். பெரிது போட்டால் நன்றாகப் பிடிக்கும் என்று வாங்கி மாட்டுகிறவர்களுக்கு நடப்பது இதுதான்.

உடனே சர்வோ (எஞ்சின் வெற்றிடத்தால் மிதிக்குப் பலம் கூட்டும் கருவி) போட்டுச் சமாளிப்பது எனக்கு உடன்பாடில்லை. அது கோளாறை மறைக்குமே தவிர நீக்காது. 1962இல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஆரம்பத்தில் சர்வோவே கிடையாது, அழுத்தி மிதிக்கத்தான் வேண்டும். ஏற்கெனவே சர்வோ உள்ள காரில், எஞ்சினை நிறுத்திப் பலமுறை மிதித்துவிட்டு, பெடலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். கால் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வெற்றிட ஹோஸையும் அதன் ஒருவழி வால்வையும் பாருங்கள்.

முன்சக்கரத்திலும் டிரம் உள்ள வண்டிகளில் இன்னொரு கூத்து உண்டு. 1955இல் வந்த எம்ஜிஏ 1500 போன்றவற்றில் முன்பக்க ஷூ இரண்டுமே சக்கரம் சுழலும் திசையில் தானாக இழுத்துப் பிடிக்கும்படி அமைந்தவை. அந்த ஷூக்களைத் தாங்கும் தட்டை (பேக்பிளேட்) இடம் வலம் மாற்றிப் பூட்டினால் முன்னே போகும்போது பிரேக் சோர்ந்துவிடும், ரிவர்ஸில் மட்டும் கப்பென்று பிடிக்கும்.

ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கிப் பின் டிரம்மைச் சரிசெய்யப் பார்ப்பதும் தவறு. கேபிளைத் தளர்த்தி, ஷூவை அட்ஜஸ்டரில் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, சுழலும் அளவுக்கு லேசாக விட்டு, அப்புறம்தான் கேபிள்.

பிரேக் ஆயில் டப்பாவில் டாட் என்ற தரக் குறியீடு இருக்கும். அதில் டாட் 5 சிலிகோன் வகை. அதை டாட் 3, டாட் 4 உடன் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் அதற்குப் பக்கம்; அது டாட் 4இன் இனம்.

பேடு விஷயத்தில் பந்தயத்துக்கான கடினமான ரகத்தை வாங்காதீர்கள், சூடேறும்வரை அது பிடிக்காது. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பேடு போடுங்கள். அப்புறம் ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை வேகம் குறைத்து, முழுதாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள். பேடு டிஸ்க்கில் படிந்து உட்காரும்வரை பிரேக் சோம்பலாகத்தான் இருக்கும்.