முகத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள்: ஐரோப்பியத் தலைநகரக் கட்டடங்களில் நாம் ஏமாறும் இடங்கள்

லண்டனில் தேம்ஸ் கரையில் நின்று நாடாளுமன்றத்தைப் பார்த்தால், ஊசி ஊசியாக நிற்கும் கோபுரங்களை வைத்து இது எழுநூறு எண்ணூறு வருஷப் பழசு என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அங்கே இருந்த பழைய அரண்மனை 1834இல் எரிந்துபோனது. அரசுக் கருவூலத்தில் ஒரு காலத்தில் கணக்கு வைக்கப் பயன்பட்ட மரக்குச்சிகளைக் கழித்துக்கட்ட உலையில் போட்டார்கள்; அந்தத் தீதான் பரவியது. இப்போதுள்ள கட்டடத்துக்கு 1840இல் அடிக்கல் வைத்தபோது இங்கிலாந்தில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. தீயில் தப்பிய வெஸ்ட்மின்ஸ்டர் ஹால்தான் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிஜமான பழசு. அலங்காரம் குறைவு என்பதால் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பாணியை வைத்து வயதைக் கணிப்பதுதான் முதல் தவறு, அதிகம் பேர் செய்வதும் அதுதான். வியன்னாவின் ரிங் சாலையில் அது அப்பட்டமாகத் தெரியும். 1857இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் கோட்டைச் சுவரை இடிக்க உத்தரவிட்டார். சுவர் இருந்த இடத்தில் அகலமான சாலை வந்தது. அங்கே நாடாளுமன்றம் கிரேக்கக் கோயில் மாதிரி இருக்கும். நாலு எட்டு நடந்தால் நகர மன்றம், அது கோதிக், அதாவது ஊசிக் கோபுரங்கள் கொண்ட இடைக்கால ஐரோப்பியப் பாணி. பக்கத்தில் பல்கலைக்கழகம், இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணி. பார்ப்பவருக்கு மூன்று யுகங்கள் வரிசையில் நிற்பதுபோல் இருக்கும். ஆனால் மூன்றுமே 1870களில் தொடங்கி 1880களின் நடுவுக்குள் முடிந்தவை. மக்களாட்சி என்றால் ஏதென்ஸ், நகர சுயாட்சி என்றால் இடைக்கால ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி), கல்வி என்றால் மறுமலர்ச்சி இத்தாலி என்று, எந்த வேலைக்கு எந்த வேஷம் பொருந்தும் என்று பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் அங்கே பாணி காட்டுவது வயதை அல்ல, கட்டியவர்களின் ஆசையை.

சரி, பாணியை நம்ப வேண்டாம், கல்வெட்டை நம்பலாமே? ரோமின் பழைய கோயிலான பாந்தியன் முகப்பில், ‘லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டியது’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கான்சல் என்பது ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி; அவர் மூன்றாம் முறை அதில் இருந்தது கி.மு. 27இல். ஆனால் அக்ரிப்பா கட்டியது எரிந்துபோய்விட்டது. இன்று நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 126இல் முடிந்த கட்டடம். அவர் தன் பெயரைப் போடாமல் பழைய பெயரையே பொறிக்க வைத்தார். குட்டை உடைத்தது, சுவருக்குள் இருந்த செங்கற்களின் முத்திரைகள்.

பாரீஸில் வேறு வகைத் தவறு நடக்கிறது. நகர நிர்வாகி ஓஸ்மான் 1853க்குப் பிறகு போட்ட அகலச் சாலைகளைக் காட்டி, ‘எல்லாம் கலகக்காரர்கள் தடுப்பரண் கட்டாமலிருக்கத்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் காலரா கண்ட நகரம் அது. அதே திட்டத்தில் பெல்கிரான் என்ற பொறியாளர் நிலத்தடியில் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களையும் குடிநீர்க் குழாய்களையும் யாரும் பேசுவதில்லை. மேலும், 1871இல் பாரீஸ் மக்கள் கிளர்ந்து ‘கம்யூன்’ என்ற தனி ஆட்சி அமைத்தபோது தடுப்பரண்கள் எழத்தான் செய்தன!

கடைசியாக, எனக்கு எரிச்சல் தருகிற தவறு: ‘அது ஒரிஜினல் இல்லை, டூப்ளிகேட்’ என்று வார்சாவின் பழைய நகரை ஒதுக்குவது. 1944இல் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து நகரத்தில் எழுந்த எழுச்சி தோற்றபின் ஜெர்மானியர்கள் அதைத் திட்டமிட்டுத் தகர்த்தார்கள். போருக்குப் பின் போலந்து மக்கள் இடிபாட்டிலிருந்து செங்கல் பொறுக்கி, கட்டடக்கலை மாணவர்கள் முன்பே எடுத்து வைத்திருந்த அளவு வரைபடங்களைப் பார்த்து மீண்டும் கட்டினார்கள். சந்தைச் சதுக்கம் 1953இல் திறந்தது. 1980இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இந்த மீட்டெடுப்புக்காகத்தான்.

வரைபடங்களோடு, 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெலோட்டோ வரைந்த நகரக் காட்சிகளும் கைகொடுத்தன. மனிதர் படம் எடுப்பாக இருக்கட்டும் என்று அங்கங்கே கைச்சரக்கும் சேர்த்திருந்தார். அதையும் நம்பிக் கட்டியதில், அவருடைய தூரிகையில் மட்டுமே இருந்த சில அலங்காரங்கள் 1950களில்தான் முதன்முறையாகச் சுவரில் ஏறின.