ஆற்று முகத்துத் திட்டில் கூடாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரி கடலைத் தொடுகிற கரை முழுக்கத் திட்டுகள்தான். வடக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம். தெற்கே பாமணியாறும் கோரையாறும் போய்ச் சேரும் முத்துப்பேட்டை. இடையில் பழையாறு, திருமுல்லைவாசல் போன்ற முகத்துவாரங்களில் ஆறும் கடலும் சேர்ந்து ஒதுக்கிப்போட்ட மணல்மேடுகள். சிலவற்றில் அலையாத்தி மரங்கள் அடர்ந்திருக்கும். சிலவற்றில் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தவிர ஒன்றும் இருக்காது. திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு இங்கே ஒரு ராத்திரி தங்க வருகிறவர்கள் இப்போது அதிகம். வருகிறவர்கள் எல்லோரும் கடலுக்குப் பயந்துதான் தயாராகிறார்கள். கடல் பயம் சரிதான், ஆனால் இந்தத் திட்டுகளை உண்டாக்கியது ஆறு. இங்கே நடக்கிற தவறுகளில் பெரும்பாதி, முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றைப் பார்க்காததால் வருகிறது.

முதலில் அனுமதி. ஆள் இல்லாத இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் காப்புக்காடுகள். வனத்துறையைக் கேட்காமல் உள்ளே இரவு தங்குவது குற்றம். பகலில் சுற்றுலாப் படகு போகிறதே என்பது பதில் ஆகாது. கோடியக்கரையில் 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, அங்கே கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். மிஞ்சுவது மீனவ ஊர்களை ஒட்டிய மணல்திட்டுகள். அங்கேயும் ஊர்ப் பஞ்சாயத்தார் காதில் போடாமல் போகக் கூடாது. இந்தக் கரையில் பஞ்சாயத்தார் சொல்லுக்கு இன்றும் கனம் உண்டு. அவர்களிடம் கேட்டால் அனுமதி மட்டும் கிடைப்பதில்லை, வரைபடத்தில் இல்லாத தகவலும் கிடைக்கும். "தங்குங்க தம்பி, ஆனா வடக்கால போவாதீங்க, அங்க உளை" (காலை இழுக்கும் புதைசேறு) என்று ஒரு வரி போதும், ஒரு கால் பிழைக்கும். கடலோரக் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுவது நல்லது. இலங்கை எதிரே இருக்கும் கரை இது, கடத்தல் கண்காணிப்பு எப்போதும் உண்டு. ராத்திரியில் ஆளில்லாத் திட்டில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்கும் நான்கு பேரை ரோந்துப் படகுக்காரர்கள் சுற்றுலாப் பயணி என்று முதலில் நினைக்க மாட்டார்கள். டிரோன் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

ஊரார் புழங்கும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். மணலில் விரித்திருக்கும் வலையைச் செருப்புக் காலோடு மிதிப்பது, கருவாடு காயும் இடத்துக்குக் காற்றுப்பக்கமாக அடுப்பு மூட்டுவது, விடியற்காலை மூன்று மணிக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் படகு இழுக்கும் தடத்தில் கூடாரம் போடுவது, இவையெல்லாம் ஒரே ராத்திரியில் பகையைச் சம்பாதித்துத் தரும்.

இனி ஆறு.

ஜூலை, ஆகஸ்டில் டெல்டாவில் வெயில் கொளுத்தும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. "மழையே இல்லையே, என்ன ஆகப்போகிறது" என்று முகத்துவாரத்துத் திட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு வெயில் அடிக்கும் அதே வாரத்தில் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிறைந்தால் அந்தத் தண்ணீர் மேட்டூருக்கு வரும். மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற நீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. பாசன ஆறுகள் அவ்வளவு வெள்ளம் தாங்காது. எனவே முக்கொம்பிலும் கல்லணையிலும் உபரியை எல்லாம் கொள்ளிடத்தில் தள்ளுவார்கள். அது அணைக்கரையைத் தாண்டிப் பழையாறு பக்கம் கடலுக்குப் போகும். அதாவது உங்கள் கூடாரத்தின் வாசலுக்கு. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது, கொள்ளிடக் கரைக்குள் இருக்கும் நாதல்படுகை, முதலைமேடு, வெள்ளமணல் போன்ற படுகை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்து சனங்கள் முகாம்களுக்குப் போக வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டிலும் அதே கதை. ஊரே நிற்க முடியாத இடத்தில் மணல்மேடு எம்மாத்திரம்? வெள்ளம் திட்டை மூழ்கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும். நேற்றுப் படகு வந்த வாய் இன்று வேறு இடத்தில் இருக்கும்.

நல்ல வேளையாக இந்த ஆபத்து சொல்லிவிட்டு வருகிறது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வரவே சாதாரணமாக மூன்று நான்கு நாள் ஆகும், பெருவெள்ளத்தில் அதைவிடச் சீக்கிரம். செய்தியில் தினமும் மேட்டூர் நீர்மட்டமும் நீர்வரத்தும் சொல்கிறார்கள். விவசாயி பார்ப்பதுபோல நீங்களும் கிளம்புமுன் பாருங்கள். அணை நிறையும் நிலையில் இருந்தால் கொள்ளிட முகத்துத் திட்டு அந்த மாதம் உங்களுக்கு இல்லை.

ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறி வற்றுகிற விஷயத்தில், செய்யும் தவறு வேறு மாதிரி. நாகப்பட்டினம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இதைப் படித்துவிட்டு, இவ்வளவுதானா என்று அலட்சியமாக இருப்பவர்கள்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாயைச் சுருட்டுகிறார்கள். டெல்டாவின் கரை தாம்பாளம்போலத் தட்டை. செங்குத்தாக ஒரு சாண் ஏறுகிற தண்ணீர் படுக்கைவாட்டில் எவ்வளவோ தூரம் உள்ளே வந்துவிடும். அதுவும் எதிரே இருக்கும் கடலிலிருந்து அலை அடித்துக்கொண்டு வராது. பின்பக்கத்து வாய்க்கால் வழியாகச் சத்தமில்லாமல் நிறையும். கடல்பக்கம் மேடாகவும் உள்பக்கம் சரிவாகவும் இருப்பதுதான் பல திட்டுகளின் அமைப்பு. காற்றுக்குப் பயந்து மேட்டின் பின்னால் பதுங்குகிறவர்கள் சரியாகத் தண்ணீர் வரும் பள்ளத்தில் போய்ப் படுக்கிறார்கள்.

இடம் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. அலை ஒதுக்கிய குப்பை கரையில் ஒரு கோடாகக் கிடக்கும்: காய்ந்த புல், மிதவைத் துண்டு, பனங்கொட்டை, தண்ணீர் பாட்டில். சில இடத்தில் இரண்டு மூன்று கோடுகள் இருக்கும். அவற்றில் ஆக உயரத்தில் இருப்பதற்கும் மேலேதான் கூடாரம். இதே சோதனையைத் திட்டின் உள்பக்கத்திலும் செய்ய வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம் என்பதால் தினசரிக் காலண்டரைப் பார்த்துத் தேதி குறிக்கலாம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் நிறைந்து நின்றது என்றால் அடுத்தது காலை ஆறரைக்கு வாக்கில். இந்தக் கணக்கு தெரியாமல் படகுக்காரரிடம் "மதியம் பன்னெண்டு மணிக்கு வந்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வற்றத்தில் படகு வாய்க்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்பதைப் பார்த்து எரிச்சல்படுவதில் பயனில்லை. முத்துப்பேட்டைக் காயலில் தரைதட்டுவது அன்றாட விஷயம். திரும்பும் நேரத்தைப் படகுக்காரர் சொல்லட்டும். அவர் வர முடியாமல் போகக்கூடிய அரை நாளுக்கான தண்ணீரும் சோறும் கையில் இருக்கட்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை என் கட்சி தெளிவு: தை பாதியிலிருந்து பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையில் போகவே கூடாது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம்தான் கரை ஏறியது, முத்துப்பேட்டை அலையாத்திக் காடே முறிந்து கிடந்தது. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், எண் கூடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏதாவது ஆனால் கூப்பிடு தூரத்தில் உதவிக்கு வரும் படகும் குறைவு. இடி மின்னல் மாலைகளில் வெட்டவெளி மணலில் ஆக உயரமான பொருள் நீங்கள்தான் என்பதும் ஒரு காரணம்.

கூடாரத்தோடு வரும் கம்பி ஆணிகள் இந்த மணலில் நிற்காது. வாடை கொஞ்சம் வலுத்தால் பிடுங்கிக்கொண்டு போகும். சாக்குப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள். தை, மாசியில் பனி இறங்குகிற இறக்கத்துக்கு, கூடாரத்தின் மேல்விரிப்பு இல்லாமல் படுத்தால் விடியும்போது மழையில் நனைந்த மாதிரி இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீருக்கு மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும். அதைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர்கள் ஆழமாகத் தோண்ட மாட்டார்கள், அவசரமாக இறைக்கவும் மாட்டார்கள். தெரியாதவர் தோண்டினால் உப்பு மேலே ஏறி, ஊரார் பயன்படுத்தும் ஊற்றும் கெடும். அந்த ஊற்றுப் பக்கமாகவே காலைக்கடனுக்கு ஒதுங்குகிறவர்களும் உண்டு. எந்த மூலை எதற்கு என்று வந்தவுடனே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விறகு பொறுக்குவதில்தான் வெளியூர்க்காரர்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது. அலையாத்தி மரத்தை வெட்டுவது குற்றம் என்பது ஒருபுறம். அதோடு இந்தக் காடுகளில் தில்லை மரம் உண்டு. சிதம்பரத்தின் தல விருட்சம் அதுதான். கிளையை ஒடித்தால் வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே சிலகாலம் போகலாம். எரித்தால் வரும் புகையும் கண்ணுக்கு ஆகாது. எந்தக் குச்சி எந்த மரத்தினுடையது என்று அடையாளம் தெரியாதவர் எதையும் பொறுக்க வேண்டாம். சின்ன காஸ் அடுப்பு ஒன்று போதும். கரியில்தான் மீன் சுடுவேன் என்றால் கரியையும் கரையிலிருந்தே கொண்டுபோங்கள். முடிந்ததும் தணலை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே ஆறினது போலத் தெரியும், அடியில் சூடு மணிக்கணக்கில் இருக்கும், வெறுங்காலோடு யாராவது மிதிப்பார்கள். தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

வெறுங்கால் என்பதே தவறுதான். அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றில் ஆணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். சுரபுன்னை வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்திபோல அறுக்கும். ரப்பர்ச் செருப்பைச் சேறு உருவிக்கொள்ளும், காலோடு கட்டிக்கொள்ளும் பழைய கான்வாஸ் ஷூ நல்லது. கலங்கிய தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்துங்கள், மணலில் பதுங்கியிருக்கும் திருக்கை விலகிப்போகும். திருக்கை முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி அடங்கும். பிறகு ஆஸ்பத்திரி.

தரையில் வெறும் பாயில் படுக்க ஆசை வரும், நட்சத்திரம் அப்படி இருக்கும். கட்டுவிரியன் கடித்தவர்களில் பெரும்பாலோர் ராத்திரி தரையில் தூங்கியவர்கள்தான். கடி வலிக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. ஜிப் போட்ட கூடாரம் அல்லது ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலை, இரண்டில் ஒன்று கட்டாயம். கடித்தது என்று சந்தேகம் வந்தாலே காலை அசைக்காமல் படகில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே விஷமுறிவு மருந்து உண்டு. வலையில் சிக்கிய கடல்பாம்பைக் கையில் தூக்கிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் அந்த மருந்து கடல்பாம்பு விஷத்துக்கு வேலை செய்யாது.

கொள்ளிடத்தில் முதலை உண்டு. முதலைமேடு என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள், சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரை ஊர்களில் விசாரித்தால் சிரிப்பு நின்றுவிடும். உப்பு ஏறாத மேற்புறத்துப் படுகையில் தங்குவதாக இருந்தால் அந்தியில் தண்ணீர் ஓரம் உட்கார்ந்து பாத்திரம் கழுவ வேண்டாம். மீன் செதில், கோழி எலும்பு எல்லாம் மூடிய வாளியில் போகட்டும், நரியும் மோப்பம் பிடித்து வரும்.

வெளிச்சம் பற்றி. நாம் போக நல்ல மாதம் என்று மேலே சொன்ன அதே தை, மாசி, பங்குனியில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரை ஏறுகின்றன. வெள்ளை எல்.இ.டி. விளக்கைக் கட்டித் தொங்கவிட்டால் தாய் ஆமை திரும்பிப்போகும், பொரித்து வரும் குஞ்சு கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி ஊரும். சிவப்பு வெளிச்சம், அதுவும் தேவைக்கு மட்டும். தடம் தெரிந்தால் அதன்மேல் நடக்காதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது.

கடைசியாகக் கரையில் விட்டுப்போகும் ஆள். எத்தனை பேர், எந்தத் திட்டு, எந்தப் படகு, எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைத் தாளில் எழுதி ஒருவர் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நினைப்பார்கள், அதைப் பார்க்காமலே தூங்கிவிடுகிறவர்தான் நம் நண்பர்களில் அதிகம். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. திட்டில் சிக்னல் வரும் ஒரே மேடு எது என்று படகுக்காரருக்குத் தெரிந்திருக்கும், இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் பேசின காசைப் போகும்போது பாதி, திரும்பும்போது பாதி என்று கொடுங்கள்.