பழைய தோட்டத்தில் கூடாரம்: எங்கே போடலாம், எங்கே கூடாது

பினாங்குத் தீவின் பாலிக் பூலாவிலும், அக்கரையில் பெருநிலத்துச் செபராங் பிறை செலாத்தானிலும் பால்மரம் (ரப்பர்), ஜாதிக்காய், டுரியான், செம்பனை (எண்ணெய்ப்பனை) என்று ஒரு காலத்தில் பயிர் நின்ற நிலங்களில் சிலவற்றை உரிமையாளர்கள் வார இறுதிக்குக் கூடாரம் போட விடுகிறார்கள். அவை முகாமுக்கென்று செப்பனிட்ட இடங்கள் அல்ல. அங்கே என்ன பயிர் நின்றது, அதற்காக மண்ணை எப்படி வெட்டினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், தண்ணீர் எங்கே தேங்கும், தலையில் எது விழும், பாம்பு எங்கே படுக்கும் என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் உரிமையாளரிடம் நேரில் அல்லது போனில் பேசுங்கள். நிலப்பட்டாவில் ‘பெர்த்தானியான்’ என்று இருந்தால் அது விவசாய நிலம். காசு வாங்கி முகாம் நடத்தத் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திடமும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திடமும் அனுமதி வாங்கினாரா என்று தயங்காமல் கேளுங்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில் மண் சரிந்து 31 பேர் இறந்தது ஓர் இயற்கை விவசாயப் பண்ணையில். அங்கே முகாம் நடத்த உரிமம் இருக்கவில்லை. மண் வந்தது முகாமுக்கு மேலே இருந்த சரிவிலிருந்து. ஆகவே உங்கள் காலடி சமதரையாக இருந்தால் போதாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மேட்டில் புதிதாக வெட்டிய சாலை, சாய்ந்து நிற்கும் மரங்கள், மண்ணில் பிறை வடிவ வெடிப்பு, மழை நின்ற பிறகும் சரிவிலிருந்து கசியும் சேற்று நீர் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

உரிமையாளரிடம் கேட்க இன்னும் இரண்டு: காட்டுப்பன்றிக்கு மின்வேலியோ கண்ணியோ வைத்திருக்கிறாரா? நிலத்தின் எல்லை எது? எல்லைக்கு அப்பால் வனக்காப்பகம் என்றால் அங்கே நுழையத் தனி அனுமதி வேண்டும்.

பால்மரத் தோட்டத்தில் சரிவை வரிவரியாகப் படி வெட்டியிருப்பார்கள். அந்தப் படிகள் வெளிப்பக்கம் சாய்ந்தவை அல்ல, மழைநீர் ஓடிவிடாமல் மண்ணில் இறங்கட்டும் என்று உள்பக்கம் சாய்த்து வெட்டியவை. மேட்டை ஒட்டினால் காற்று படாது என்று நினைத்துக் கூடாரத்தை உள்விளிம்பில் போடுகிறவர்கள்தான் நள்ளிரவில் தண்ணீரில் படுத்திருப்பார்கள். வெளிவிளிம்பும் ஆகாது, அங்கே மண் உதிரும். நடுவுக்குச் சற்று வெளியே, விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளிப் போடுங்கள். படிகளில் ஆங்காங்கே மண் பிடிக்கத் தோண்டிய பழைய குழிகள் சருகு மூடிக் கிடக்கும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இவற்றில்தான். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கழியால் தரையைக் குத்திப் பார்த்து, குழிகளுக்குப் பக்கத்தில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். கிழட்டுப் பால்மரம் காற்றில் சட்டென்று முறியும். ஊஞ்சல் கட்ட அதை நம்பாதீர்கள். மரத்தில் மாட்டியபடி விட்டுப்போன பால் மங்குகளில் மழைநீர் நின்று ஏடிஸ் கொசு பெருகும். கூடாரத்தைச் சுற்றிக் கண்ணில் படுவதையெல்லாம் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை.

டுரியான் மரத்தடி ஏறக்குறைய மே முதல் ஜூலை வரை அறவே கூடாது. பழம் பெரும்பாலும் இரவில்தான் விழும், இரண்டு மூன்று கிலோ முள்ளை எந்தக் கூடாரத் துணியும் தாங்காது. கிளை பரவிய வட்டத்துக்கு வெளியே போய்விடுங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். பட்டைக் காயம் வழியே அழுகல் நோய் நுழையும், அப்புறம் உரிமையாளர் யாரையும் உள்ளே விடமாட்டார்.

செம்பனையில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டிய மட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அந்த அடுக்கில் எலி குடியிருக்கும், எலியைத் தேடி நாகம் வரும். மட்டையடி முள் காற்று மெத்தையையும் ரப்பர் செருப்பையும் துளைத்துவிடும். குலை ஏற்றிய பாதை இருந்த வரிசை அதைவிடத் துப்புரவு. அங்கேயும் காய்ந்த மட்டை தொங்கும் மரத்துக்கு நேர் கீழே வேண்டாம்.

மழை விஷயத்தில் பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மோசம். ஜனவரி, பிப்ரவரி ஓரளவு வறட்சி. தென்மேற்குப் பருவத்தில் ‘சுமத்ரா’ என்ற புயற்காற்று கடலிலிருந்து விடியற்காலையில் திடீரென்று அடிக்கும். பாலிக் பூலா மேற்கே பார்த்த நிலம் என்பதால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால் 3க்கு 4 மீட்டர் தார்ப்பாலின் கட்டும்போது தாழ்ந்த பக்கம் மேற்கே இருக்கட்டும், உயர்ந்த பக்கம் 2 மீட்டரைத் தாண்ட வேண்டாம். நைலான் கயிறு நனைந்தால் தொய்யும்; மழை தொடங்கியதும் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். செம்மண் காய்ந்தால் கல் மாதிரி, கூடாரத்தோடு வரும் அலுமினிய முளை வளைந்துபோகும். 30 சென்டிமீட்டர் இரும்பு முளை 12, ஒரு சுத்தியல் கொண்டுபோங்கள். தரை விரிப்பு கூடாரத்தின் அடியைவிட நாலு பக்கமும் ஒரு கையகலம் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழியும் நீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

தண்ணீருக்குப் பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கிணற்றை நம்ப வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், களைக்கொல்லி போகாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனாலும் அதற்கு முன் எத்தனையோ வருடம் தெளித்தார்கள், அந்த டப்பாக்கள் இன்னமும் கொட்டகைகளில் கிடக்கும். தொடாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சமைக்கக் கேஸ் அடுப்பு போதும். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். சருகும் லாலாங் புல்லும் தீப்பிடித்தால் இரண்டு வாளித் தண்ணீர் எந்த மூலைக்கும் போதாது. மிச்சச் சாப்பாட்டைக் காரில் பூட்டுங்கள், குரங்கும் பன்றியும் கூடாரத்தைக் கிழித்துப் பார்க்கும்.

பால்மரச் சருகில் படுத்திருக்கும் ‘உலார் காப்பாக் போடோ’ என்ற விரியன் மலேசிய வடமாநிலங்களில் சாதாரணம். ஆள் வந்தாலும் அது நகராது, நிறமும் சருகு நிறம். இரவில் கழிவறைக்குப் போகும் வழியை அகலமாகக் கூட்டிவைத்து, மூடிய காலணியும் டார்ச்சும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், மோதிரம் வளையல்களைக் கழற்றிவிட்டு, அந்தக் கை காலை அசைக்காமல் வைத்து 999 கூப்பிடுங்கள்.

சேற்றிலோ தேங்கிய நீரிலோ காலில் புண்ணோடு நடந்திருந்தால் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் தொற்றலாம். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் தோட்டத்தில் தங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கிக்கு மட்டும் ரத்தம் பார்த்து அனுப்பிவிடக்கூடும்.