தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு சேர்க்கைக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. பி.எட். முடித்தால் தொடக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று எண்ணுவோர் இன்றும் இருக்கிறார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க அது தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கு வழக்கமான வழி, பிளஸ் டூவுக்குப் பின் இரண்டாண்டு படிக்கும் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்புதான். ஆசிரியர் தகுதித் தேர்வில் தொடக்க வகுப்புகளுக்கான முதல் தாளில் தேறினாலே அரசு வேலை என்பதும் சரியன்று. 2018ஆம் ஆண்டு அரசாணைக்குப் பின் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு.

பயிற்சிக் காலத் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, கற்பித்தல் பயிற்சியைப் பதிவேடு எழுதும் வேலையாகச் சுருக்கிக்கொள்வது. மூத்த மாணவரின் பாடக்குறிப்பைப் பார்த்தெழுதி, வண்ணச் சார்ட் ஒட்டி, கையொப்பம் வாங்குவதிலேயே நாள்கள் கரைந்துவிட, எதிரே இருக்கும் குழந்தை நோட்டில் என்ன எழுதியது என்று பார்க்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 27ஐயும் 15ஐயும் கூட்டி 312 என்று எழுதியிருந்ததைப் பயிற்சி ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று என்று அவள் சரியாகவே கூட்டியிருந்தாள். பன்னிரண்டுக்குள் இருக்கும் ஒரு பத்து, பத்துகளின் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்பது மட்டுமே அவளுக்குப் பிடிபடவில்லை. உதிரிக் குச்சிகளைக் கையில் கொடுத்திருந்தால், பத்தை எண்ணி அவளே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பாள்.

மொழிப் பாடத்திலும் இதே கதைதான். 'மழை'யை 'மழ' என்று எழுதும் குழந்தை வீட்டில் கேட்டதை எழுதுகிறது. அந்தப் பேச்சைக் கண்டித்தால் அது வாய் திறப்பதையே நிறுத்திவிடும்.

ஒரே வகுப்புக்கு மட்டும் பாடம் நடத்திப் பழகுவது இன்னொரு தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே, வகுப்புகளோ ஐந்து. எனவே நான்காம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தரும் இருபது நிமிடத்தில் மூன்றாம் வகுப்பு எந்தப் பயிற்சியைச் செய்யும், முந்தி முடித்தவர்கள் அடுத்து எதை எடுப்பார்கள் என்பதும் பாடக்குறிப்பில் இடம்பெற வேண்டும். பள்ளியின் வகுப்பாசிரியரிடம் கேட்டு, வாரத்தில் ஒரு நாளாவது இரு வகுப்புகளைச் சேர்த்து நடத்திப் பாருங்கள்.