விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடுவதற்கு முன்: மின்கருவி அடிக்கடி ட்ரிப் ஆகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழிக் குளிரில் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் முதலில் போடப்படும் சுவிட்ச் பெரும்பாலும் கீசருடையதாகத்தான் இருக்கும். அதைப் போட்டவுடன் வீடு முழுவதும் மின்சாரம் நின்றுவிட்டால், செல்போன் வெளிச்சத்தில், வீட்டின் லைன்களுக்கு மின்சாரம் பிரிந்து போகும் டி.பி. பெட்டியைத் திறந்து, விழுந்து கிடக்கும் சுவிட்சை மேலே தூக்கிவிடுகிறோம். ஒருமுறை தூக்கிப் பார்ப்பதில் தவறில்லை. மறுபடியும் விழும்போது, எந்த சுவிட்ச் விழுந்தது, எந்த நேரத்தில் விழுந்தது என்று கவனிக்காமலேயே திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே தொடங்குகின்றன.

டி.பி. பெட்டியில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி., அந்த லைனில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். சிறிய டெஸ்ட் பொத்தானுடன் சற்று அகலமாக இருக்கும் ஆர்.சி.சி.பி.யின் வேலை வேறு. ஃபேஸ் வழியாகப் போகும் மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது; இடையில் எங்காவது பூமிக்குக் கசிந்தால் விழுந்துவிடும். வீடுகளில் உயிர்ப் பாதுகாப்புக்காகப் பொருத்தப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும் வகையாகும். ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும்போது, "ஒரே நேரத்தில் நிறைய போட்டுவிட்டோம், லோடு தாங்கவில்லை" என்று சொல்வது பொருந்தாது. லோடுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எங்கோ மின்சாரம் கசிகிறது.

கீசரில் இந்தக் கசிவு ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதற்கு நம் ஊர்த் தண்ணீரே பாதிக் காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களிலும் மாடித் தொட்டிக்கு ஏற்றுவது பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீரில், கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் குழாயான எலிமெண்டைச் சுற்றி வெள்ளையாக, கல்போல ஒரு படிவு கட்டிக்கொள்கிறது. சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் எலிமெண்டிலேயே தேங்குவதால், காலப்போக்கில் அதன் வெளிக்குழாயில் விரிசல் விழுகிறது. குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இறுக்கமாக நிரப்பப்பட்டிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் காய்ந்திருக்கும் வரைதான் மின்சாரத்தைத் தடுக்கும். ஈரம் பட்டால் கசியவிடும். கோடை முழுவதும் போடாமல் வைத்திருந்த கீசரில் விரிசலே இல்லாவிட்டாலும், எலிமெண்டின் முனைப் பகுதி வழியாகக் காற்றின் ஈரம் ஏறியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட கீசர் இரண்டு மூன்று முறை ட்ரிப் ஆகிவிட்டுப் பிறகு ஓடத் தொடங்குவது உண்டு. தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது. சூட்டில் ஈரம் காய்ந்திருக்கலாம். ஆனால் ஈரம் ஏறிய வழி அடைபடவில்லை.

எந்தக் கருவி என்று கண்டுபிடிக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு அந்தக் கருவியைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிடுவதாகும். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. கருவிக்குள் நியூட்ரல் கம்பி உடல் பாகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஆர்.சி.சி.பி. விழக்கூடும். ஆகவே பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி, எல்லா எம்.சி.பி.க்களையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி நிறுத்திய பின், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றி, அதன் பிறகு கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பதே சரியான முறை. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் இதைச் செய்யக் கூடாது. விழுந்த எம்.சி.பி. பல நேரங்களில் நடுவில் நின்றுவிடும். அதை முழுவதுமாகக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். இது தெரியாமல், நல்ல எம்.சி.பி.யைக் கெட்டுவிட்டதென்று மாற்றியவர்கள் உண்டு.

இனிச் சொல்லப்போவது உயிரோடு விளையாடும் தவறுகள். கீசரைப் போட்டால் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்பதற்காக, பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார்கள்; அல்லது ஆர்.சி.சி.பி.யையே நீக்கிவிட்டு நேராக இணைத்துவிடுகிறார்கள். ட்ரிப் நின்றுவிடும். கசிவு நிற்காது. எர்த் போன பிறகு அந்த மின்சாரம் கீசரின் உடலிலும் குழாயிலும் காத்திருந்து, குளிப்பவர் ஈரக் கையால் குழாயைத் தொடும்போது அவர் வழியாகப் பூமிக்குப் போகும்.

"எர்த் நன்றாக இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆர்.சி.சி.பி. எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் தோண்டினால் சில அடிகளிலேயே பாறை வந்துவிடுகிறது. பாறை நிலத்தில், அதுவும் கோடையில் காய்ந்த எர்த் குழியில், மண்ணின் தடை எளிதாக 20 ஓம் வரை போகலாம். 230 வோல்ட் ஃபேஸ் கம்பி கீசரின் உடலைத் தொட்டால் அந்த எர்த் வழியாக ஓடுவது 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு விழாது, கீசரின் உடலும் மின்சாரத்தோடு அப்படியே நிற்கும். அதே இடத்தில் தடை 1000 ஓமாக இருந்தாலும் 230 மில்லி ஆம்பியர் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கண நேரத்தில் விழுந்துவிடும். எர்த் சரியாக அமையாத நம் நிலத்தில்தான் ஆர்.சி.சி.பி. மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறையாவது அழுத்திப் பார்க்க வேண்டும்; அழுத்தியும் விழாத ஆர்.சி.சி.பி.யை உடனே மாற்ற வேண்டும்.

எம்.சி.பி. விழும் வீடுகளில் நடக்கும் தவறு வேறு வகையானது. 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போடுகிறார்கள். சுவருக்குள் ஓடும் வயர் பழைய அளவிலேயே இருப்பதால், இனி எம்.சி.பி. விழுவதற்கு முன்பே வயர் சூடேறி உருகத் தொடங்கும். 2000 வாட் கீசர் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 9 ஆம்பியர்தான். அது ஒன்று மட்டும் ஓடும்போதே 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுந்தால், கோளாறு எம்.சி.பி.யின் அளவில் இல்லை. போட்ட உடனே விழுந்தால் ஷார்ட் என்று சந்தேகிக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து விழுந்தால், மெயினை அணைத்துவிட்டு பிளக் முனைகளையும் சாக்கெட்டையும் பார்க்க வேண்டும்: பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும், கருகிய வாசனை வரும். எம்.சி.பி.யின் திருகு தளர்ந்து அங்கே சூடு ஏறினாலும் இதே போல விழும். கீசரின் பெரிய பிளக்கை மாற்று பிளக் வைத்து 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

கீசர் இல்லாத வாடகை வீடுகளில் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு இதைவிட ஆபத்தானது. சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரில் விரல் விட்டுச் சூடு பார்க்கக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் அதைப் போடவே கூடாது. கிரைண்டரைக் கழுவும்போது மோட்டார் பக்கம் தண்ணீர் இறங்கியிருந்தால், நன்றாகக் காயும் வரை பிளக்கைச் செருக வேண்டாம். போர் மோட்டார் மாலை நேரத்தில் மட்டும் ட்ரிப் ஆனால் வோல்டேஜைப் பாருங்கள். வோல்டேஜ் குறையும்போது மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். இன்வெர்ட்டர் பொருத்திய நாளிலிருந்து ஆர்.சி.சி.பி. விழுந்தால், நியூட்ரல் கம்பிகள் கலந்துவிட்டனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியனை அழைக்கும்போது "கரண்ட் நிற்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த சுவிட்ச் விழுந்தது, எந்தக் கருவியைப் போட்டபோது, எத்தனை நிமிடம் கழித்து என்பதைச் சொல்லுங்கள். அவருக்கும் உங்களுக்கும் பாதி நாள் மிச்சமாகும். எலிமெண்டை மாற்றுவதற்கு முன், மின்காப்பின் தடையை அளக்கும் மெகர் என்ற கருவியை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். டெஸ்டர் விளக்கு எரிவதையோ எரியாததையோ வைத்து முடிவுக்கு வர இயலாது. எலிமெண்ட் மாற்றும் நாளிலேயே தொட்டியின் அடியில் படிந்த உப்பைக் கழுவி வெளியேற்றி, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கத் தானே கரைந்துபோன மெக்னீசியம் ஆனோடு ராடையும் மாற்றிவிட வேண்டும். போர் தண்ணீர் ஏறும் வீட்டில் இந்த வேலையை ஆண்டுதோறும் ஐப்பசிக்குள், கீசரை முதல்முறை போடுவதற்கு முன்பே, செய்துவிடுவது நல்லது.