தரவுத்தள இணைப்பு அமைப்புகளைக் கோப்பிலிருந்து படித்தல்: பைத்தானில் பிழையின்றிச் செய்யும் முறை

ஒரு நிரல் தரவுத்தளத்துடன் இணைய வேண்டுமானால் சர்வரின் முகவரி, போர்ட் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய ஐந்தும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால் கடவுச்சொல் மாறும்போதெல்லாம் நிரலைத் திருத்த நேரிடும்; நிரலைப் பார்க்க உரிமை உள்ள அனைவரின் கைக்கும் தரவுத்தளத்தின் சாவி சேர்ந்தே போய்விடும். அதனால்தான் இவற்றைத் தனிக் கோப்பில் வைத்துப் படிக்கிறோம். படிப்பதற்கான கட்டளைகள் நான்கைந்து வரிகளுக்கு மேல் போவதில்லை. ஆனால் கோப்பு இல்லாதபோதும், பாதி மட்டும் நிரப்பப்பட்டிருக்கும்போதும், வேறோர் அடைவிலிருந்து இயக்கப்படும்போதும் அந்த நிரல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் உழைப்பு தேவைப்படுகிறது. அமைப்பில் ஒரு குறை இருந்தாலும் நிரல் தொடங்கிய கணத்திலேயே, எந்தக் கோப்பில் எந்த மதிப்பு குறைகிறது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும் என்பதே இங்கு நான் வலியுறுத்தும் விதி. எடுத்துக்காட்டாகப் பைத்தான் 3-ஐயும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும், அவை இரண்டையும் இணைக்கும் சைக்கோபிஜி நூலகத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கோப்பின் வடிவம்

பைத்தானுடனேயே வரும் கான்ஃபிக்பார்சர் என்ற தொகுதி ஐஎன்ஐ வடிவக் கோப்புகளைப் படிக்கும். அதற்காக எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. கோப்பின் முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் பிரிவின் பெயரை எழுத வேண்டும். அதற்குக் கீழே வரிக்கு ஒன்றாகப் பெயர், சமக்குறி, மதிப்பு என்ற வரிசையில் ஹோஸ்ட், போர்ட், டிபிநேம், யூசர், பாஸ்வேர்டு ஆகியவற்றை எழுத வேண்டும். இந்த ஐந்துடன் இணைப்புக்கான காலக்கெடுவையும், இணைப்பை மறைகுறியாக்கும் எஸ்எஸ்எல் முறையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. காலக்கெடு தரப்படாவிட்டால் பதில் தராத சர்வருக்காக நிரல் நெடுநேரம் காத்திருக்க நேரிடலாம். எஸ்எஸ்எல் முறை தரப்படாவிட்டால் போஸ்ட்கிரெஸின் இயல்பு மதிப்பான ‘பிரிஃபர்’ செயல்படும். அது மறைகுறியாக்கத்தை முயன்று பார்த்துவிட்டு, சர்வர் அதற்கு இடம் தராவிட்டால் வெறும் இணைப்புக்கே இறங்கிவிடும். வேறு கணினியில் உள்ள சர்வருடன் இணையும்போது இதை ஏற்க இயலாது. சர்வரின் சான்றிதழையும் பெயரையும் சரிபார்க்கும் ‘வெரிஃபை-ஃபுல்’ முறையையே கோப்பில் குறிப்பிடுங்கள்.

மதிப்புகளை எழுதும்போது சில நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். கடவுச்சொல்லை மேற்கோள்குறிக்குள் எழுதினால் அந்தக் குறிகளும் கடவுச்சொல்லின் பகுதியாகவே படிக்கப்படும். போர்ட் எண்ணுக்குப் பக்கத்தில், அதே வரியிலேயே, ஒரு விளக்கக் குறிப்பை எழுதினால் அதுவும் மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். பைத்தான் 3-இல் குறிப்புகளுக்குத் தனி வரி கொடுப்பதே இயல்பான வழக்கம். மதிப்பின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்கள் நீக்கப்படுகின்றன. பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படுவதில்லை. பிரிவின் பெயரில் மட்டும் பார்க்கப்படுகிறது.

பைத்தான் 3.11 முதல் டாம்ல் வடிவத்தைப் படிக்கும் தொகுதியும் உடன் வருகிறது. எண்ணையும் சரத்தையும் (எழுத்துகளின் தொடரையும்) அது வேறுபடுத்திக் காட்டும் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஜேசன் வடிவத்தில் குறிப்பு எழுத வழியில்லை. மனிதர்கள் கையால் திருத்தும் கோப்புக்கு அது ஒரு குறையே.

கோப்பைக் கண்டடைதல்

கோப்பின் பெயரை மட்டும் நிரலில் எழுதினால், நிரல் இருக்கும் அடைவை விட்டுவிட்டு, அது எந்த அடைவிலிருந்து இயக்கப்படுகிறதோ அந்த அடைவில்தான் பைத்தான் கோப்பைத் தேடும். உங்கள் திரையில் ஒழுங்காக ஓடிய நிரல், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரான் வழியாக இரவில் ஓடும்போது தோற்றுப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. கிரான் வேலைகள் பயனரின் இல்ல அடைவில் தொடங்குகின்றன. லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவைகளோ, வேறு ஏதும் குறிப்பிடப்படாவிட்டால், எல்லா அடைவுகளுக்கும் மேலுள்ள மூல அடைவில் தொடங்குகின்றன. ஆகவே முழுப் பாதையைத் தர வேண்டும். அந்தப் பாதையை, இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் ஒரு சூழல் மாறியின் மூலமோ கட்டளை வரியின் மூலமோ பெறுவதே சிறந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது ரகசியமில்லை என்பதால் அதைக் கட்டளை வரியில் எழுதலாம். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுதக் கூடாது. இயங்கும் நிரல்களைப் பட்டியலிடும் சாதாரணக் கட்டளையே அதை அதே கணினியின் பிற பயனர்களுக்குக் காட்டிவிடக்கூடும்.

ஒரே கோப்பில் சோதனைக்கு ஒரு பிரிவும் உற்பத்திக்கு ஒரு பிரிவும் வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படிச் செய்தால் உற்பத்திச் சர்வரின் கடவுச்சொல் ஒவ்வொரு நிரலாளரின் மடிக்கணினிக்கும் போய்ச் சேரும். பிரிவின் பெயரை மாற்றி எழுதிய ஒரே சொல்லால் சோதனை நிரல் உண்மையான தரவை அழித்துவிடவும் கூடும். ஒரு கணினிக்கு ஒரு கோப்பு, அதில் அந்தக் கணினிக்கு உரிய அமைப்புகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படித்தல்

கான்ஃபிக்பார்சரின் ‘ரீட்’ என்ற செயற்கூறு, கொடுத்த கோப்பு இல்லாவிட்டாலும் பிழை எழுப்புவதில்லை. பல இடங்களில் இருக்கக்கூடிய அமைப்புக் கோப்புகளை வரிசையாகத் தேடிப் படிப்பதற்காக அது அவ்வாறு வடிவமைக்கப்பட்டது. வெற்றிகரமாகப் படித்த கோப்புகளின் பட்டியலை மட்டும் திருப்பித் தரும். அதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. விளைவாக, கோப்பே இல்லாதபோது ‘பிரிவு இல்லை’ என்ற பிழை வேறோர் இடத்தில் எழுகிறது. படிப்பவரோ கோப்பைத் திறந்து, பிரிவு இருக்கிறதே என்று குழம்பி நிற்கிறார். இதைத் தவிர்க்க, ‘ஓப்பன்’ கொண்டு கோப்பை நீங்களே திறந்து, திறந்த கோப்பை ‘ரீட்_ஃபைல்’ என்ற செயற்கூறிடம் கொடுங்கள். கோப்பு இல்லையென்றால் திறக்கும் வரியிலேயே முழுப் பாதையுடன் பிழை வரும்.

திறக்கும்போது எழுத்துக்குறியாக்கத்தைக் குறிப்பிடுவதும் அவசியம். விண்டோஸ் கணினியில் சேமித்த சில கோப்புகளின் தொடக்கத்தில் பாம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கும். அது சதுர அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்பதால், முதல் வரியைப் பிரிவின் தலைப்பாக ஏற்க முடியாமல் கான்ஃபிக்பார்சர் பிழை எழுப்பும். யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தைக் கொடுத்தால் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோப்பு சரியாகப் படிக்கப்படும்.

அடுத்ததாக விழுக்காட்டுக்குறி. கான்ஃபிக்பார்சர் இயல்பாகவே, ஒரு மதிப்புக்குள் இன்னொரு மதிப்பை விழுக்காட்டுக்குறியின் உதவியால் செருகும் வசதியைச் செயல்படுத்தி வைத்திருக்கிறது. கடவுச்சொல் ‘கடல்%காற்று47’ என்று இருப்பதாகக் கொள்வோம். கோப்பு தடையின்றிப் படிக்கப்பட்டுவிடும். கடவுச்சொல்லைக் கேட்கும் கணத்தில்தான் பிழை எழும். விழுக்காட்டுக்குறிக்குப் பின் இன்னொரு விழுக்காட்டுக்குறியோ அடைப்புக்குறியோ வர வேண்டும், ஆனால் இங்கே ‘%காற்று47’ இருக்கிறது என்று அந்தப் பிழைச் செய்தி சொல்லும். அதாவது, கடவுச்சொல்லின் பின்பாதி அப்படியே பதிவுக் கோப்பில் எழுதப்பட்டுவிடும். கான்ஃபிக்பார்சரை உருவாக்கும்போதே ‘இன்டர்போலேஷன்’ என்ற அளவுருவுக்கு, ‘ஏதுமில்லை’ என்பதைக் குறிக்கும் ‘நன்’ (None) என்ற மதிப்பைக் கொடுத்தால் இந்தச் செருகல் வசதி நின்றுவிடும். கடவுச்சொல் உள்ள கோப்பைப் படிக்கும் எவரும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும் என்பேன்.

சரிபார்த்தல்

படித்தவை அனைத்தும் சரங்களாகவே கிடைக்கும். போர்ட்டை எண்ணாக மாற்றி, அது 1-க்கும் 65535-க்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான பெயர்கள் அனைத்தும் உள்ளனவா, அவற்றின் மதிப்பு வெற்றாக இல்லையா என்று பாருங்கள். அதே வேளையில், நீங்கள் எதிர்பார்க்காத பெயர் ஏதும் கோப்பில் இருந்தால் அதையும் பிழையாகக் கருதுங்கள். எழுத்துப்பிழையுடன் எழுதப்பட்ட ஒரு பெயரைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. குறைகள் பல இருந்தால் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் அனைத்தையும் ஒரே செய்தியில் சொல்வது, கோப்பைத் திருத்துபவருக்குச் செய்யும் உதவியாகும்.

விடுபட்ட மதிப்புக்கு நிரலே ஓர் இயல்பு மதிப்பை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். போர்ட்டுக்கு 5432 என்று வைப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் முகவரி, தரவுத்தளப் பெயர், பயனர், கடவுச்சொல் ஆகிய நான்குக்கும் கூடாது. போஸ்ட்கிரெஸுடன் பேசும் லிப்பிக்யூ என்ற அடிப்படை நூலகம் ஏற்கனவே தாராளமாக ஊகிக்கிறது: முகவரி தரப்படாவிட்டால் அதே கணினியில் உள்ள சாக்கெட்டை நாடும், பயனர் பெயர் தரப்படாவிட்டால் இயங்குதளத்தில் உள்ள பயனர் பெயரை எடுத்துக்கொள்ளும், தரவுத்தளத்தின் பெயர் தரப்படாவிட்டால் பயனர் பெயரையே அதற்கும் வைத்துக்கொள்ளும், கடவுச்சொல் தரப்படாவிட்டால் பிஜிபாஸ்வேர்டு என்ற சூழல் மாறியையும், பின்னர் இல்ல அடைவில் உள்ள பிஜிபாஸ் கோப்பையும் தேடும். இத்தனை ஊகங்களும் ஒன்றுசேர்ந்தால், உங்கள் கோப்பில் பாதி விடுபட்டிருந்தும் நிரல் நீங்கள் நினைத்திராத ஒரு தரவுத்தளத்துடன் வெற்றிகரமாக இணைந்துவிட முடியும். தோற்றுப்போன இணைப்பைச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். தவறான இடத்தில் எழுதப்பட்ட தரவைத் திரும்பப் பிரித்தெடுப்பது மிகக் கடினம்.

சரிபார்த்த மதிப்புகளை, மதிப்புகளைப் பெயரிட்ட புலங்களாகச் சேர்த்து வைக்கும், மாற்ற இயலாத ஒரு டேட்டாகிளாஸில் வைத்து, நிரலின் மற்றப் பகுதிகளுக்கு அதையே கொடுங்கள். அதில் கடவுச்சொல் புலத்துக்கு, அச்சிடும்போது மதிப்பைக் காட்டும் ‘ரிப்ர்’ (repr) என்பதை அணைத்துவிட்டால், யாரேனும் அந்தப் பொருளை அச்சிட்டாலும் கடவுச்சொல் வெளியே தெரியாது. இணைக்கும்போது ஐந்து மதிப்புகளையும் ஒட்டி நீங்களே ஒரு சரத்தை உருவாக்காமல், பெயரிட்ட அளவுருக்களாகத் தனித்தனியே சைக்கோபிஜியிடம் கொடுங்கள். கையால் ஒட்டிய சரத்தில், கடவுச்சொல்லில் உள்ள ஒரு வெற்றிடமோ மேற்கோள்குறியோ முழு இணைப்பையும் குலைத்துவிடும்.

கோப்பைக் காத்தல்

கோப்பின் உரிமையாளர் நிரலை இயக்கும் பயனராகவும் அதன் அனுமதி எண் 600 ஆகவும் இருக்கட்டும். அப்போது அவரைத் தவிர வேறு சாதாரணப் பயனர் எவரும் அதைப் படிக்க முடியாது. லினக்ஸில் பிஜிபாஸ் கோப்பின் அனுமதி இதைவிடத் தளர்வாக இருந்தால் லிப்பிக்யூ அந்தக் கோப்பையே புறக்கணித்துவிடுகிறது. அதே கண்டிப்பை உங்கள் நிரலிலும் வைக்கலாம்: கோப்பைத் திறக்கும் முன் அதன் அனுமதியைப் பார்த்து, குழுவுக்கோ பிறருக்கோ எந்த உரிமையாவது இருந்தால் நின்றுவிடச் செய்யுங்கள். வலைச் செயலியாக இருந்தால், வலைச் சர்வர் வெளியே பரிமாறும் அடைவுக்குள் இந்தக் கோப்பு ஒருபோதும் இருக்கக் கூடாது.

நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் கருவியின் புறக்கணிப்புப் பட்டியலில் கோப்பின் பெயரை முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, அதே பெயர்களுடன் போலி மதிப்புகள் கொண்ட மாதிரிக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்தில் வையுங்கள். புதிதாகச் சேர்பவர் அதை நகலெடுத்து நிரப்பிக்கொள்வார். உண்மையான கோப்பு எப்போதாவது களஞ்சியத்துக்குள் போய்விட்டால், அதை நீக்குவதால் மட்டும் பயனில்லை. பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும். வரலாற்றைத் துடைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இயக்கிப் பார்த்தல்

எழுதி முடித்ததும் கோப்பின் பெயரை மாற்றியும், ஒரு வரியை நீக்கியும், கடவுச்சொல்லில் விழுக்காட்டுக்குறியைச் சேர்த்தும், மூல அடைவுக்குப் போய் அங்கிருந்து இயக்கியும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வரும் செய்தியை, இந்த நிரலை எழுதாத ஒருவர் படித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் புரியுமா என்று எண்ணிப் பாருங்கள். இணைப்பு வெற்றியடைந்ததும் தற்போதைய தரவுத்தளத்தின் பெயரையும் பயனர் பெயரையும் தரவுத்தளத்திடமே கேட்டு, படித்த கோப்பின் முழுப் பாதையுடன் ஒரு வரியாகப் பதிவுக் கோப்பில் எழுதச் செய்யுங்கள். நிரல் கோப்பைத் தொடக்கத்தில் ஒரு முறைதான் படிக்கிறது என்பதால், கடவுச்சொல்லை மாற்றிய பின் சேவையை மறுதொடக்கம் செய்து, அந்த வரி மீண்டும் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.